கும்பகோணத்தில் செய்த ஸ்பீக்கர் ஆம்பில் எட்டு மாதம் ஹெட்போன் கேட்ட அனுபவம்

கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மாடிப்படிக்கு அடியில் இயங்கும் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில், எல்.எம்.3886 என்ற ஒலிபெருக்கும் சில்லுகள் (ஐ.சி.) இரண்டைக் கொண்டு செய்துதரப்பட்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எட்டு மாதமாகப் பயன்படுத்திவருகிறேன். ஸ்பீக்கருக்காகச் செய்யச்சொன்ன ஆம்ப்தான் அது. ஆனால் ஒட்டுச்சுவர் வைத்த எங்கள் ஆடுதுறை வீட்டில் அம்மா எட்டரை மணிக்கே படுத்துவிடுவார் என்பதாலும், எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் வாய்ப்பது அதற்குப் பிறகுதான் என்பதாலும், அதன் உழைப்பில் முக்கால் பங்கு ஹெட்போனுக்கே போகிறது. ஸ்பீக்கர் ஆம்பாக அது எப்படி என்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: கூடத்தில் இருக்கும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை அது தாராளமாக இழுக்கிறது. ஹெட்போனுக்கு எப்படி என்பதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

என்னிடம் இருப்பவை இரண்டு ஹெட்போன்கள். ஒன்று, 2003-இல் வெளிவந்து இன்றும் விற்பனையில் இருக்கும் சென்ஹைசர் எச்.டி.650, அதன் மின்தடை 300 ஓம். மற்றொன்று, சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த ஹைஃபைமேன் எச்.ஈ.6.எஸ்.ஈ. இது பிளானர் வகை; அதாவது மெல்லிய சவ்வு ஒன்றின் மேல் கம்பித்தடம் பதித்து, அதைக் காந்தங்களுக்கு நடுவே நிறுத்திவைத்திருப்பார்கள். மின்தடை 50 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட் கொடுத்தால் 83.5 டெசிபல் ஒலியே தரும் சோம்பேறி. கைபேசியில் செருகிக் கேட்டால் ஆற்றுக்கு அக்கரையில் நடக்கும் கச்சேரிபோல இருக்கும். மைத்துனர் அதை எனக்குத் தூக்கிக் கொடுத்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பார்த்துவிட்டால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சராசரியாக 85 டெசிபலில் கேட்கும் ஒருவருக்கு, தவிலில் ஒரு தீர்மானம், அதாவது சுற்றை முடிக்கும் அடிக்கோவை, விழும் கணத்தில் 105 டெசிபல் வரையாவது எட்ட வேண்டும். அதற்கு இந்தப் பிளானர் ஹெட்போன் கேட்பது ஏறத்தாழ 140 மில்லிவாட், அதாவது 2.7 வோல்ட், 53 மில்லிஆம்பியர். கைபேசியின் வாய் பொதுவாக 1 வோல்ட்டுக்கு மேல் திறப்பதில்லை. எச்.டி.650-க்கோ 1 வோல்ட்டிலேயே 103 டெசிபல் வந்துவிடுகிறது. அதே 105-ஐ எட்ட 1.3 வோல்ட்டும் சுமார் 5 மில்லிவாட்டும் போதும். ஆக, நாற்பது வாட் ஆம்ப் ஒன்றை இதற்கு மாட்டுவது கொசுவை அடிக்க உலக்கையை எடுப்பதுபோலத் தோன்றும். தோன்றினாலும், வோல்ட்டேஜும் கரண்ட்டும் ஒருசேரத் தாராளமாகக் கிடைக்கும் இடம் வீட்டில் அது ஒன்றுதான். 1980-களின் இறுதியில் ஏ.கே.ஜி. நிறுவனம் வெளியிட்ட கே.1000 என்ற ஹெட்போனையே நேரடியாக ஸ்பீக்கர் முனைகளில் மாட்டிக் கேட்கும்படிதான் செய்திருந்தார்கள்; ஆகவே இது யாரோ கிறுக்கர்கள் கண்டுபிடித்த வழி என்றும் சொல்ல முடியாது.

இனி ஆம்பின் உள்ளே இருப்பவற்றைச் சொல்கிறேன். எல்.எம்.3886 என்பது நேஷனல் செமிகண்டக்டர் உருவாக்கிய ஐ.சி.; 2011-இல் அந்த நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியதிலிருந்து அவர்கள் பெயரில் வருகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஐ.சி., அவற்றின் முதுகில் சூட்டை வெளியேற்றக் கை அகல ஹீட் சிங்க், 22-0-22 வோல்ட் 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர், வடிகட்டப் பெரிய கெப்பாசிட்டர்கள் நான்கு, முகப்பில் வால்யூமும் ஒரு ஹெட்போன் ஜாக்கும், பின்புறம் ஸ்பீக்கர் முனைகள். பேஸ், ட்ரெபிள் திருகுகள் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இந்த அமைப்பில் வெளியே கிடைப்பது அதிகபட்சம் 18 வோல்ட் அளவு. 8 ஓம் ஸ்பீக்கரில் அது 40 வாட். பெட்டி உட்பட 7,200 ரூபாய் கொடுத்தேன். பத்து நாளில் தருவதாகச் சொன்ன கடைக்காரர், மாசி மகத்துக்கு மைக் செட் வேலைகள் வந்து குவிந்துவிட்டதால் ஐந்து வாரம் ஆக்கினார். கும்பகோணத்தில் மாசி மாதத்தில் ஆம்ப் செய்யக் கொடுத்தது என் தவறு என்றே வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே முகப்பு ஜாக்கில் எச்.டி.650-ஐச் செருகினேன். முதலில் காதில் விழுந்தது பாட்டு அல்ல, கொய்ங் என்ற ரீங்காரம். ஸ்பீக்கரில் அது கேட்கவே இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால்தான் உண்டா இல்லையா என்று சந்தேகப்படும் அளவில் இருந்தது. ஹெட்போன் என்பது ஆம்பின் வாயில் காதை வைத்தே உட்கார்ந்திருப்பது என்பதால், ஸ்பீக்கர் மூடி மறைக்கும் குற்றங்களையெல்லாம் அது வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் போகும் பாசஞ்சரில் ஏறினேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றி, எல்லா எர்த் கம்பிகளையும் தனித்தனியாகக் கொண்டுவந்து கெப்பாசிட்டர்களின் நடுவில் ஒரே புள்ளியில் சேர்த்துப் பற்றவைத்தார். பாதி ரீங்காரம் போய்விட்டது. மீதி போகவில்லை. அதன் பிறகு அவர் செய்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். ட்ரான்ஸ்ஃபார்மரின் நான்கு திருகுகளையும் எடுத்துவிட்டு, என்னை ஹெட்போனை மாட்டிக்கொள்ளச் சொல்லி, ஆம்பை ஓடவிட்டபடியே ட்ரான்ஸ்ஃபார்மரை ஒரு மரக்கட்டையால் மெல்ல மெல்லத் திருப்பினார்.

“குறையுதா தம்பி?”

“குறையுது அண்ணே… இன்னும் கொஞ்சம்… ஐயோ, தாண்டிட்டீங்க.”

திரும்பவும் பின்னால் நகர்த்தினார். ஏதோ ஒரு கோணத்தில் ரீங்காரம் சட்டென்று அமுங்கி, வெறும் காற்றுபோல ஆகிவிட்டது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, புதிதாகத் துளையிட்டு, ட்ரான்ஸ்ஃபார்மரைக் கோணலாகவே திருகி முடுக்கினார். இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்யும் சதுர ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒரு காந்தப்புலம் கசிந்துகொண்டேயிருக்கும். அது அருகிலிருக்கும் சிக்னல் கம்பிகளில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாக ஏறும். கம்பிகளுக்கும் அதற்கும் உள்ள கோணம் மாறினால் ஏறும் அளவும் மாறும். இதை அறிந்தவர்கள் பலர் இருக்கலாம், வாடிக்கையாளரின் காதையே மீட்டராக வைத்து வேலை பார்க்கும் பொறுமை உள்ளவர் சிலரே. கோணலாக உட்கார்ந்திருக்கும் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்தான் இந்த ஆம்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ரீங்காரம் தீர்ந்த பிறகு ஒலியைப் பற்றிப் பேசலாம். என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாகஸ்வரம் செய்யும் ஊர். அதன் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து முடித்த குழலில், வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பொருத்தி, சரியாகப் பேசுகிறதா என்று அங்கே ஊதிப் பார்ப்பதைச் சிறுவயதிலிருந்தே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்தாற்போல இருப்பது நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. ஆகவே ஆம்பையோ ஹெட்போனையோ சோதிக்க நான் முதலில் எடுப்பது நாகஸ்வரமும் தவிலும்தான். இந்த இரண்டும் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் என் காதை யாரும் ஏமாற்ற முடியாது என்ற சிறு கர்வமும் உண்டு.

முகப்பு ஜாக்கில் எச்.டி.650-ஐ வைத்துக் கேட்டபோது நாகஸ்வரம் சரியாக இருந்தது. தவில் சரியாக இல்லை. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், விரல்களில் மாட்டிய கூடுகள் விழும் சடசடப்பு உள்ளபடி வந்தது. ஆனால் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் கழி விழும் அடி, மழையில் நனைந்த தோலில் விழுந்ததுபோலப் பருத்து, தேவைக்கு மேல் ஒரு கணம் நின்று ஒலித்தது. காரணம் பெட்டிக்குள் இருந்தது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்களில் பெரும்பாலும் செய்வதைப்போலவே, ஸ்பீக்கருக்குப் போகும் அதே வெளியீட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக முகப்பு ஜாக்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இதில் அது 330 ஓம். எச்.டி.650-இன் மின்தடை பெயருக்கு 300 ஓம் என்றாலும், 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அது 500 ஓம் அளவுக்கு உயர்கிறது. வரிசையில் 330 ஓம் நிற்கும்போது, மின்தடை உயரும் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைக்கும் பங்கும் உயரும். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் மட்டும் 2 டெசிபல் கூடுகிறது. என் காது சொன்ன தொப்பியின் வீக்கம் இந்த 2 டெசிபல்தான். சிலருக்கு இது பிடிக்கும். திரையிசை கேட்கும் என் தம்பி இதுதான் நன்றாக இருக்கிறது என்கிறான். அவனோடு நான் வாதிடுவதில்லை.

பிளானரில் அந்த வீக்கம் இல்லை, ஏனென்றால் அதன் மின்தடை எல்லா ஸ்வரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதற்கு வேறு குறை வந்தது. 330 ஓமுக்குப் பின்னால் 50 ஓம் நின்றால், கிடைக்கும் வோல்ட்டேஜில் எட்டில் ஒரு பங்குதான் ஹெட்போனை அடையும். ஆம்பை முழுவதும் திருகினாலும் 104 டெசிபலோடு முடிந்துவிடும். அந்த நிலையில் ஆம்பே கரகரக்கத் தொடங்கிவிடுவதால், கஷ்டப்பட்டு இழுக்க வேண்டிய ஹெட்போனுக்காகவே ஆம்ப் தேடியவனுக்கு முகப்பு ஜாக்கால் பெரிய பயன் இல்லை.

ஆகவே பின்புறத்து ஸ்பீக்கர் முனைகளுக்கே போனேன். பிளானரின் நான்கு கம்பிகளையும் தனித்தனியே வாழைப்பழ முள் எனப்படும் பனானா பின்னில் கட்டி நேரடியாக மாட்டினேன். மாட்டும் முன், பாட்டு ஓடாதபோதும் முனைகளில் டி.சி. (நேர்மின்சாரம்) கசிகிறதா என்று மல்ட்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி.யில் வைத்து அளந்தேன்: இடப்பக்கம் 6, வலப்பக்கம் 11 மில்லிவோல்ட். நூறுகளில் காட்டியிருந்தால் மாட்டியிருக்க மாட்டேன். ஸ்பீக்கர் அதைத் தாங்கிக்கொள்ளும், அந்த மெல்லிய சவ்வும் கம்பித்தடமும் தாங்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயாரில்லை.

நேரடி இணைப்பில் பிளானர் விழித்துக்கொண்டது. சோம்பேறி என்று சொன்னேனே, அந்தச் சொல்லை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தவில் தனி ஆவர்த்தனத்தில் அடிகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடம்கூடக் கேட்டது. ஆனால் இரண்டு தொல்லைகள் வந்தன. முதலாவது, உஸ்ஸ் என்ற மெல்லிய இரைச்சல். இந்த ஐ.சி. வருவதை 10 மடங்குக்குக் குறையாமல் பெருக்கினால்தான் நிலையாக நிற்கும். என் ஆம்பில் அது 21 மடங்கு. வால்யூம் இந்தப் பெருக்கத்துக்கு முன்னால் இருப்பதால், வால்யூமை அடியோடு குறைத்தாலும் ஐ.சி.யின் சொந்த இரைச்சல் 21 மடங்காகி அப்படியே வரும். பிளானரில் அது பொறுத்துக்கொள்ளும் அளவு. காதுக்குள் செருகும் சிறிய இயர்போனில் கேட்டபோது ஐப்பசி மழை தூரத்தில் பெய்வதுபோல நிற்காமல் கேட்டது. இரண்டாவது தொல்லை வால்யூம் திருகு. திருகின் முள்ளைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், எச்.டி.650-க்குப் போதுமான ஒலி அது எட்டு மணியைத் தொடும் முன்பே வந்துவிடுகிறது. இரு பக்கத்தையும் ஒரே திருகில் மாற்றும் சாதாரண இரட்டை வால்யூமில் அந்தத் தொடக்கப் பகுதியில் இடமும் வலமும் ஒத்துப்போவதில்லை. நாகஸ்வரக்காரர் நடுவில் உட்காராமல் இடப்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.

இதற்கும் மேலாக ஓர் ஆபத்து இருக்கிறது. 18 வோல்ட் முழுவதும் எச்.டி.650-க்குப் போனால் கணக்குப்படி 128 டெசிபல். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. வால்யூம் உயர்ந்திருப்பதைக் கவனிக்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

மூன்றுக்கும் தீர்வாக வந்தது, கடைக்காரரிடம் சொல்லிச் செய்யவைத்த கைக்கு அடக்கமான ஒரு டப்பா. பக்கத்துக்கு இரண்டு வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டர்: 10 ஓம் 10 வாட் ஒன்று வரிசையில், 2.2 ஓம் 5 வாட் ஒன்று ஹெட்போனுக்குக் குறுக்கே. ஆம்பிலிருந்து வரும் வோல்ட்டேஜில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே ஹெட்போனுக்குப் போகும். அதாவது 15 டெசிபல் குறையும். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் அதே 15 டெசிபல் இறங்கிவிடுவதால், இயர்போனில் கேட்ட மழைகூட ஓய்ந்துவிட்டது. வால்யூம் பதினொரு மணிக்கு ஏறி, நாகஸ்வரக்காரர் நடுவில் வந்து உட்கார்ந்தார். ஹெட்போனுக்கு முன்னால் ஆம்ப் பக்கத்தில் நிற்கும் மின்தடை 330-க்குப் பதிலாக 1.8 ஓம் ஆகிவிட்டதால் தொப்பியின் வீக்கமும் வடிந்தது. அப்படியும் பிளானருக்கு 106 டெசிபல் வரை இடமிருக்கிறது. எனக்கு அது போதும். நான்கு ரெசிஸ்டருக்கும் ஜாக்குக்கும் டப்பாவுக்குமாகக் கடையில் வாங்கியது 150 ரூபாய்.

டப்பா வழியாகவும் நேரடியாகவும் மாற்றி மாற்றிக் கேட்டு, நேரடி இணைப்பில் உயிர் கூடுதலா என்று சோதித்தேன். 200 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, மீட்டரில் இரண்டுக்கும் வோல்ட்டேஜைச் சமமாக்கிவிட்டு, எது எது என்று தம்பியை மாற்றச்சொல்லிக் கேட்டபோது பிளானரில் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. சமப்படுத்துவதற்கு முன் நேரடி இணைப்பே மேல் என்று சத்தியம் செய்திருப்பேன். ஒலி கொஞ்சம் கூடினாலே காது அதை நயம் என்று எடுத்துக்கொள்கிறது.

மற்றவர்கள் இதைச் செய்யும் முன் கவனிக்க வேண்டியது, தங்கள் ஆம்பின் இரு பக்க மைனஸ் முனைகளும் உள்ளே ஒன்றா என்பது. என் ஆம்பில் ஒன்றுதான். ஆகவே மூன்று கம்பி ஜாக் வைத்த டப்பா சரிப்படுகிறது. இப்போது மலிவாகக் கிடைக்கும் டி.பி.ஏ.3116 போன்ற கிளாஸ் டி போர்டுகளில் மைனஸ் முனையும் எர்த் அல்ல, சிக்னல் ஓடும் உயிருள்ள முனைதான். எர்த் பொதுவாக இருக்கும் ஹெட்போன் பின்னை அதில் மாட்டினால் இரு பக்கங்களையும் சேர்த்துக் கட்டியதாகிவிடும். மைத்துனரின் போர்டில் நான் அதைச் செய்துபார்த்தேன். உள்ளிருக்கும் பாதுகாப்பால் அது அணைந்து அணைந்து எரிந்து பிழைத்துக்கொண்டது. அத்தகைய ஆம்புக்கு நான்கு கம்பி ஹெட்போன்தான் வேண்டும், டப்பாவும் இரு பக்கமும் தொடாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் முனைகளில் 8 ஓம் ரெசிஸ்டர் போடாமல் வெறும் ஹெட்போனை மட்டும் மாட்டினால் வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. நம் ஊர் மைக் செட் ஆம்ப்களின் பின்னால் 100 வோல்ட் லைன் என்று எழுதிய முனை இருக்கும். குழாய் ஸ்பீக்கர்களுக்கான அதன் பக்கமே ஹெட்போனோடு போக வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாலையில் பம்பு செட்டுகள் ஓடத் தொடங்கினால் எங்கள் தெருவில் மின்சாரம் 190 வோல்ட்டுக்கு இறங்கும். ஸ்பீக்கரில் அது சோர்வாகத் தெரிகிறது, ஹெட்போனுக்கோ தேவையே சொற்பம் என்பதால் தெரிவதில்லை. வால்யூம் மட்டும் மலிவான சரக்கு. மழைக்காலம் தொடங்கியதும் திருகும்போதெல்லாம் கரகரவென்று பேசியது. கிளீனர் அடித்தால் ஒரு வாரம் அடங்கி மீண்டும் தொடங்கியதால் வேறு மாற்றவேண்டியதாயிற்று. 7,200 ரூபாய் வாங்குபவர் அதை முதலிலேயே நல்லதாகப் போட்டிருக்கலாம். முகப்பு ஜாக்கையும் இனி யாருக்குச் செய்தாலும் 330 ஓம் இல்லாமல் இந்த 10, 2.2 ஓம் கணக்கிலேயே செய்யும்படி சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்பீக்கர் ஆம்ப் இருந்து, கையில் எச்.ஈ.6 வகை முரட்டு ஹெட்போனும் இருப்பவர்கள் 150 ரூபாய் டப்பாவைத் தயங்காமல் செய்துகொள்ளலாம். ஸ்பீக்கரே வேண்டாம், ஹெட்போன் மட்டும்தான் என்பவர்கள் இந்த ஏழு கிலோ பெட்டியைச் செய்யச்சொல்லாமல், மேசை மேல் வைக்கும் சிறிய ஹெட்போன் ஆம்ப் ஒன்றை வாங்குவதே மேல். அவற்றில் பல 50 ஓமில் 1 வாட்டுக்கும் மேல் தருகின்றன. கைபேசியோடு வரும் இயர்போன்காரர்களுக்கு இரண்டுமே தேவையில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஆன் செய்யும்போது டொப் என்று வரும் சத்தத்தைத் தடுக்க, சற்றுத் தாமதித்து இணைப்பைக் கொடுக்கும் ரிலே போர்டு ஒன்று போட வேண்டும். தீபாவளிக் கூட்டம் முடிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். அதுவரை, ஆன் செய்து பத்து எண்ணிவிட்டு, மகளின் நகப்பூச்சால் வால்யூமில் வைத்த சிவப்புப் புள்ளிக்குக் கீழே முள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஹெட்போனைச் செருகுகிறேன்.